பேசத் தெரிந்தால்தான் பாடம்: இடுக்கி, பாலக்காடு தமிழ் வகுப்பறைகளில் செயல்வழிக் கற்றல்

கேரளத்தின் மூணாறு மலையிலோ, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ ஒரு தமிழ் எல்.பி. பள்ளியில் (நான்காம் வகுப்பு வரை உள்ள தொடக்கப் பள்ளி) காலை பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தால், பாடம் நடக்கிறதா, இடைவேளை விட்டிருக்கிறார்களா என்று சட்டென்று சொல்ல முடியாது. பிள்ளைகள் நாலைந்து பேராகத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வட்டத்தில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு வட்டத்தில் ஒரே சார்ட் பேப்பர் மேல் நான்கு தலைகள் குனிந்திருக்கும். டீச்சர் நாற்காலியில் இருக்க மாட்டார். சத்தத்துக்குக் குறைவிருக்காது. பேத்தியைக் கூப்பிட வந்த பாட்டி இதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா விளையாடிட்டுத்தான் வருது" என்று சலித்துக்கொள்வது இந்தப் பக்கம் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுவரும் புகார்.

விளையாட்டைப் பற்றிப் பாட்டி கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. செயல்வழிக் கற்றல் என்ற இந்த முறையில் பிள்ளை வாயைத் திறந்து பேசினால்தான் பாடம் அடுத்த படிக்கு நகரும். எந்த மொழியில் பேசுவது, பேசினால் எதிரே இருப்பவருக்குப் புரியுமா என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லைப்புறப் பள்ளிகளின் பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கேரளத்தில் இந்த மாற்றம் 1990களின் நடுவில் வந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு மத்திய அரசு நடத்திய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் (டி.பி.இ.பி. என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும்) முதலில் காசர்கோடு, வயநாடு, மலப்புறம் மாவட்டங்களில் இறங்கியது. இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் இரண்டாம் கட்டத்தில் சேர்ந்தன. ஆசிரியர் சொல்ல, பிள்ளை திரும்பச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு, பிள்ளை செய்து பார்த்து, பேசி, எழுதிக் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. கேரளத்தில் பாடப்புத்தகத்துக்காகத் தெருவில் இறங்குவது புதிதல்ல. பிறகு 2007ல் வந்த கலைத்திட்டச் சட்டகமும் (எதை, எப்படிக் கற்பிப்பது என்பதற்கான அரசு ஆவணம்) அதே பாதையில்தான் போனது.

எழுத்து வரிசையை முதலில் தனியாகச் சொல்லிக்கொடுக்காமல், கதை, வாக்கியம், சொல் என்று இறங்கி வந்து எழுத்தைப் பிடிப்பது இந்த முறையின் இன்னொரு கூறு. மலையாளப் புத்தகத்தில் அட்சரமாலையே காணவில்லையே என்று எழுத்தாளர்கள் வரை குரல் எழுப்ப, 2022 வாக்கில் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். தமிழ் வீடுகளில் அந்த ஆத்திரம் அவ்வளவாக இல்லை என்று நினைக்கிறேன். 'அ'னா 'ஆ'வன்னாவை யாராவது ஒரு தாத்தா பள்ளிக்கு முன்பே சிலேட்டில் போட்டுக் காட்டிவிடுகிறார்.

வகுப்பு எப்படி நகர்கிறது என்பதற்கு, ஏலத்தோட்டப் பகுதியில் நான் பார்த்த ஒரு நான்காம் வகுப்பைச் சொல்கிறேன். வகுத்தல் கணக்கு. புத்தகத்தில் இருந்தது மிட்டாயைப் பங்கு போடுவது மாதிரி ஒரு கணக்கு. டீச்சர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "நம்ம ஸ்டோருக்கு நாற்பது கிலோ பச்சைக்காய் வந்தா, காய்ஞ்ச பிறகு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். ஸ்டோர் என்பது ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ என்பது அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய சங்கதி இல்லை. "எட்டு கிலோ டீச்சர்" என்றது ஒரு பிள்ளை. எப்படி என்று கேட்டதும், "அஞ்சுக்கு ஒண்ணு, எட்டு தடவை" என்று விரலை மடக்கியது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன், "மழைக்காலத்துல ஆறு கிலோ போட்டாத்தான் ஒரு கிலோ தேறும்னு எங்கப்பா சொன்னாரு" என்று குறுக்கிட்டான்.

டீச்சர் அவனை உட்காரச் சொல்லவில்லை. "சரி, அப்போ ஆறால வகுத்துப் பாருங்க" என்றார். நாற்பதை ஆறால் வகுத்தால் ஆறு வந்து நான்கு மிஞ்சும். மிஞ்சிய நாலு கிலோவை என்ன செய்வது? தூக்கிப் போட முடியுமா? அதுவும் காயும்தானே? மீதி என்பது வெறும் எண் இல்லை என்பதை அந்த வகுப்பு அன்றைக்குத் தானாகவே கண்டுபிடித்தது. பிறகு வழக்கமான படிகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் தனியாக எழுதியது. குழுவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு குழுவின் விடை சார்ட்டில் ஏறியது. டீச்சர் தாம் எழுதியதைப் பக்கத்தில் மாட்டினார். 'டீச்சர் வெர்ஷன்' என்று கேரள ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளே தங்கள் பிழையைத் திருத்தினார்கள். அதற்குப் பெயர் 'எடிட்டிங்'. நாற்பது நிமிஷத்தில் ஒரே ஒரு கணக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சோம்பேறித்தனமாகக்கூடத் தெரியலாம்.

இப்போது அதே பையனை மலையாள வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள். அப்பா சொன்னது அவனுக்குத் தெரியும், கணக்கும் தெரியும். சொல்லத் தெரியாது. அவன் குறுக்கிட மாட்டான், வகுப்பும் ஆறால் வகுக்காது. பழைய மனப்பாட வகுப்பில் மொழி தெரியாத பிள்ளை ஒருவாறு தப்பித்துக்கொள்ளும். கூட்டத்தோடு கோவிந்தா போட்டு வாய்ப்பாடு சொல்லலாம், கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதலாம், கையெழுத்து அழகாக இருந்தால் நல்ல பெயர்கூட வாங்கலாம். செயல்பாட்டு வகுப்பில் அந்த மறைவிடம் இல்லை. முறை எவ்வளவு நல்லதோ, மொழி தெரியாத பிள்ளையை அவ்வளவு வெளிச்சத்தில் தனியாக நிறுத்திவிடும். இதைச் சொன்னால் முறையைக் குறை சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு. நல்ல முறை என்பதால்தான் தாய்மொழி ஆசிரியர் இன்னும் கட்டாயமாகிறார்.

இங்கே தமிழ்ப் பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த வரலாறு. 1956 நவம்பர் 1ல் கேரளம் உருவானபோது கன்னியாகுமரியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. தேயிலைத் தோட்டங்களுக்குத் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்து தலைமுறைகளாக லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள் ஒரு வகை. தங்கள் ஊரிலேயே நிலம் வைத்துப் பயிர் செய்யும், மூணாறுக்கு அப்பாலுள்ள வட்டவடைக் குடும்பங்கள் இன்னொரு வகை. கம்பம், போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் கீழே தமிழ்நாட்டுப் பள்ளியில் படிப்பார்கள். பாலக்காட்டில் சித்தூர் தாலுகாவில் பரவலாகத் தமிழ் புழங்கும். அட்டப்பாடியில் இருளர் பழங்குடியினரின் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது என்பதால் அங்கே கதை இன்னும் சிக்கல், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மொழியும் வகுப்பும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு, என்னைக் கேட்டால், சம்யுக்த டைரியைத்தான் காட்டுவேன். கேரளப் பொதுக்கல்வித் துறை 2023-24 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வீட்டில் எழுதும் நாட்குறிப்பு. தனக்குத் தெரிந்த எழுத்துகளைப் பிள்ளை பென்சிலால் எழுதும். தெரியாத எழுத்து வருகிற இடத்தில் அம்மாவோ அப்பாவோ பேனாவால் எழுதிக்கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு படம். ஜூலையில் பேனா நிறைய இருக்கும், பென்சில் அங்கங்கே இருக்கும். ஜனவரிக்குள் பேனா குறைந்து பென்சில் கூடியிருக்கும். பரீட்சை வைக்காமலே, டைரியைப் புரட்டினாலே பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். கல்வித் துறைகள் கண்டுபிடிக்கும் எத்தனையோ படிவங்களுக்கு நடுவில் இது உண்மையிலேயே அருமையான யோசனை.

ஆனால் பேனா பிடிக்க வீட்டில் ஆள் வேண்டும். லயத்து அம்மா தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்திருந்தாலும், "இன்று பூனை குட்டி போட்டது" என்பதில் பிள்ளைக்கு வராத எழுத்தைப் பேனாவால் போட்டுவிடுவார். அதே பிள்ளை மலையாள மீடியத்தில் இருந்தால், அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. அப்போது டைரியைப் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்பு அக்காதான் எழுதித் தருவாள். சில நாள் பக்கம் முழுவதும் பேனாவாகவே இருக்கும். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து எழுதுவதற்காகவே வந்த டைரி அங்கே அக்காவின் வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. கொழுந்து பறித்துவிட்டு வந்து, நாளைக்குப் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்) போக விடியுமுன் எழ வேண்டிய ஒரு பெண்ணிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பாடப்புத்தகத்துக்கு வருவோம். கேரளத்தில் மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு மொழிகளில் புத்தகம் போடுகிறது. தமிழ் மொழிப் புத்தகத்தைத் தமிழ் ஆசிரியர்களே எழுதுகிறார்கள். கணக்கும் சூழ்நிலையியலும் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கலாம், சுமாராக இருக்கலாம், அது வருஷத்துக்கு வருஷம் மாறும். பெரிய சிக்கல் வாக்கியத்தில் இல்லை, உதாரணத்தில். வயலும் காயலும் தென்னையுமாக இருக்கும் சமவெளிக் கேரளம்தான் பக்கங்களில் நிறைந்திருக்கும். ஓணத்துக்குப் பூக்கோலம் போடுவதைப் பற்றி எழுதச் சொன்னால் மலைப் பிள்ளை எழுதிவிடும், பள்ளியில் போட்டுப் பழகியிருக்கும். பொங்கலைப் பற்றிப் புத்தகம் கேட்காது. இத்தனைக்கும் பொங்கலுக்கு இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசே விடுமுறை விடுகிறது. ஆக, புத்தகத்துக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் பள்ளத்தை மிட்டாய்க்குப் பதில் ஏலக்காய் வைத்து டீச்சர்தான் நிரப்ப வேண்டும். அதற்கு அவர் அந்த ஊரை அறிந்தவராக இருக்க வேண்டும், அல்லது பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு அறிந்துகொள்ளக்கூடியவராகவாவது இருக்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வேறு வழியாக வந்து சேர்ந்தது. அதன் ஊற்று ஆந்திரத்தில் இருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி. அந்தப் பள்ளியைச் சுற்றியிருந்த கிராமங்களில் 1980களின் பிற்பகுதியில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கியபோது, ஒரே அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பாடப்புத்தகத்தைப் பிரித்துச் சின்னச் சின்ன அட்டைகளாக்கினார்கள். அட்டைகளுக்கு ஒரு வரிசை, அந்த வரிசையைக் காட்டும் ஏணிப்படிப் படம் சுவரில். பிள்ளை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அட்டையை எடுத்து, அதில் இருக்கும் சின்னத்துக்கு ஏற்ற குழுவில் போய் உட்காரும். சில குழுக்களுக்கு ஆசிரியர் வேண்டும், சிலவற்றில் சக பிள்ளை போதும், சிலவற்றில் தானே செய்யலாம். நாலு நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளை வந்து, விட்ட இடத்திலேயே தொடங்கலாம்.

2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதைப் பார்த்து, மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். 2007-08ல் அது தமிழ்நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, படங்களைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல், தன் வருகையைத் தானே பதியும் அட்டவணை, காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம் எல்லாம் அந்தக் காலத்து வரவு. கோவிட்டுக்குப் பிறகு 2022ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் படித்த வகுப்பை வைத்துப் பிரிக்காமல், எட்டியிருக்கும் நிலையை வைத்துப் பிரித்தது. ரிஷிவேலி ஏணியின் அடுத்த தலைமுறை என்று இதைச் சொன்னால் தவறில்லை.

எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. அட்டை முறை பிறந்ததே ஆள் குறைந்த, பல வகுப்பு ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்காக. சென்னை மாநகராட்சிப் பள்ளியை விட அது அதிகம் பொருந்தக்கூடிய இடம் இடுக்கியின் எஸ்டேட் பள்ளி. இரண்டு டீச்சர், நான்கு வகுப்பு, மழைக்காலத்தில் பாதி வருகை. கேரளத்தின் குழு விவாத முறைக்கு ஒரு வகுப்பில் ஓரளவு பிள்ளைகளாவது வேண்டும். மூன்றே பேர் இருக்கும் வகுப்பில் விவாதம் சீக்கிரம் வற்றிப்போகும். தமிழ் அட்டைகள் அடிவாரத்தில் குவிந்து கிடந்தும், பாடத்திட்டம் வேறு என்பதால் மலையேறவில்லை.

அந்த முறைக்குத் தாய்வீடான ஆந்திரத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை என்ன? நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் மீடியம் இன்னும் இருக்கிறது, சுருங்கிக்கொண்டு. 2019ல் அரசு தொடக்கப் பள்ளிகளை ஆங்கில மீடியத்துக்கு மாற்ற ஆந்திர அரசு ஆணை போட்டது, 2020ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் காலகட்டத்தில் வந்தவைதான் ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று இருமொழிப் பாடப்புத்தகங்கள். தெலுங்குப் பிள்ளைக்கு நல்ல ஏற்பாடு. தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வேற்றுமொழி.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 1949ல் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த அளவுகோல் அதற்கும் பழையது: பள்ளியில் 40 பேர் அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் அந்த மொழிக்கு ஆசிரியர் வேண்டும். ஆனால் நடைமுறையில் தலைமையாசிரியரின் தூக்கத்தைக் கெடுப்பது ஆறாம் வேலை நாள். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எடுக்கும் பிள்ளைக் கணக்கை வைத்துத்தான் கேரளத்தில் அந்த வருஷத்துக்கான ஆசிரியர் பணியிடம் முடிவாகும். ஜூன் மழை கொட்டும் அந்த வாரத்தில், ஊர்த் திருவிழாவுக்குத் தமிழ்நாடு போன குடும்பம் ஒன்று திரும்ப வரவில்லை என்றால் ஒரு பணியிடம் ஆட்டம் கண்டுவிடும். அதனால் டீச்சர்களே லயம் லயமாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். ஆதிவாசிக் குடிகளிலும் எட்டாத மலைகளிலும் இருந்த ஓராசிரியர் மையங்களை 2022ல் கேரள அரசு மூடியது. பல வருஷம் தனியாகப் பள்ளி நடத்தியவர்களில் சிலருக்குப் பகுதிநேரத் துப்புரவுப் பணி கிடைத்த செய்தியை அப்போது பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

பணியிடம் இருந்தாலும் அதில் வருகிறவர் யார் என்பது அடுத்த பிரச்சினை. தமிழ் மீடியத்துக்குத் தனிப் பணியிட வகை உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வையும் தமிழில் எழுதலாம். இருந்தும் ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனால், தற்காலிகமாக வருகிறவர் தமிழ் பேசுவார், ஆனால் வாசிக்கத் திணறுவார் என்ற நிலை வருகிறது. மனப்பாட வகுப்பு என்றால் கைநூலை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். 'எங்கப்பா ஆறு கிலோன்னு சொன்னாரு' என்கிற பிள்ளையை இவரால் எப்படிப் பின்தொடர முடியும்?

இவ்வளவும் நான்காம் வகுப்போடு முடிகிறது. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி என்றால் ஐந்து வரை, கேரளத்தில் எல்.பி. நான்கு வரைதான். ஐந்தாம் வகுப்புக்கு யு.பி. என்கிற நடுநிலைப் பள்ளி தேட வேண்டும். அது தமிழ் மீடியமாக, ஜீப்பில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்குமா என்பது எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மாறும். 2017ல் வந்த மலையாள மொழிச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிய பிறகு, எப்படியும் படிக்கத்தானே வேண்டும், முதலிலேயே அங்கே போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிற பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். நான்காம் வகுப்புக்குப் பிறகு பிள்ளை எங்கே போகும் என்பதற்கு அவர்களிடம் யாரும் பதில் சொன்னதில்லை. அதனால் முடிவு நான்காம் வகுப்பு முடிந்து எடுக்கப்படுவதில்லை. ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிகிற அன்றைக்கே எடுக்கப்பட்டுவிடுகிறது. தமிழ் எல்.பி. பள்ளியில் கூட்டம் குறைவது அங்கே நடக்கும் பாடத்தால் அல்ல, பக்கத்தில் தமிழ் யு.பி. இல்லாததால்.